யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதார அமைப்பு: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பிரதேசத்தின் அபிவிருத்திக்குத் திட்டம் வகுக்க முனைவோர், அப்பிரதேசத்தின் பொருளாதாரம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முதலில் ஆராய்தல் வழக்கம். இவ்வாராய்ச்சியில் பெரும்பாலும் கையாளப்படும் முறை, மக்களைத் தொழில்வாரியாகப் பிரித்து எண்ணுவதாகும். விவசாயத்தில் இத்தனை பேர், கடற்றொழிலில் இத்தனை பேர், கைத்தொழிலிலும் சேவைகளிலும் இத்தனை பேர் எனப் பகுக்கப்பட்ட அட்டவணை ஒன்று அறிக்கையின் முற்பகுதியிலே இடம்பெறும். அவ்வெண்கள் பயனற்றவை அல்ல. ஆயின், அவை ஓர் அடிப்படை வினாவைத் தொடாது விட்டுவிடுகின்றன. அப்பிரதேசத்து மக்கள் தாம் உற்பத்தி செய்யாத அரிசியையும் துணியையும் எரிபொருளையும் வாங்குவதற்கான பணம் எவ்வழியால் உள்ளே வருகின்றது? அவ்வழியைத் திறக்கவும் அடைக்கவும் அதிகாரம் உடையவர் யார்? வந்த பணம் எங்கே போய்ச் சேருகின்றது? இவ்வினாக்களை முன்வைத்து நோக்குவதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலப் பொருத்தமான பிரதேசம் இலங்கையில் வேறொன்று இருப்பது அரிது. ஏனெனில், கடந்த மூன்றரை நூற்றாண்டுக் காலத்தில் இங்கு பணம் வந்த வழி பலமுறை மாறியுள்ளது. ஒவ்வொரு முறையும் அவ்வழியின் திறவுகோல் குடாநாட்டுக்கு வெளியிலேயே இருந்துள்ளது.

குடாநாடு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய சுண்ணக்கற் பூமி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இங்கில்லை. மாரியில் மட்டும் நீர் காணும் வழுக்கியாற்றை ஆறெனச் சொல்வது ஒரு மரியாதையே. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் பெய்கின்றது. அம்மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. குடாநாட்டின் ஆயிரக்கணக்கான கிணறுகள் அனைத்தும் இந்த நன்னீர் வில்லையையே நம்பியிருக்கின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும். இயற்கை வகுத்த இந்த வரம்பை முன்னோர் அறிந்தே இருந்தனர். குடாநாட்டின் காணி உறுதிகளில் நிலத்தின் அளவோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் தனித்தனியே எழுதப்பட்டு வந்தமை இங்கு கருதத்தக்கது. நிலத்தை மட்டுமன்றி நீரையும் பங்கிட்டு எழுதி வைத்த சமுதாயம் இது.

இச்சிறு நிலப்பரப்பினுள்ளும் ஒரே வகையான பொருளாதாரம் நிலவவில்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டப் பயிர்களுக்கும், தென்மராட்சி நெல்லுக்கும் மாவுக்கும் பலாவுக்கும் தென்னைக்கும், கரையோரம் கடற்றொழிலுக்கும், பிற பகுதிகள் பனைக்கும் உரியனவாக அமைந்தன. சுன்னாகம், சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி முதலிய சந்தைகள் இப்பகுதிகளை ஒன்றோடொன்று பிணைத்தன. ஆயினும், அச்சந்தைகளிற் கைமாறிய பொருளின் பெறுமதி குடாநாட்டினுள்ளேயே சுற்றிவந்ததேயன்றி, வெளியிலிருந்து வாங்கவேண்டியவற்றுக்கு ஈடாகவில்லை. வாங்கவேண்டியவற்றுள் முதலாவது அரிசி. ஒரு போகம் மட்டும் மழையை நம்பி விளையும் நெல் குடாநாட்டு மக்களுக்குப் போதியதாக இருந்ததில்லை. ஆகவே, வெளியே விற்பதற்கு ஏதேனும் ஒன்றைத் தேடிக்கொள்வது இப்பிரதேசத்துக்கு வசதியின் பொருட்டன்று, உணவின் பொருட்டே அவசியமாயிற்று.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரையும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரையும் கவர்ந்தது அவ்வாறு வெளியே விற்கத்தக்க பொருள்களே. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து ஊர்காவற்துறைக்குக் கொண்டுவரப்பட்டு, இந்திய வணிகர்களுக்கு விற்கப்பட்டன. சாயவேரும் பனைமரமும் சங்கும் கப்பலேறின. ஒல்லாந்தரின் யாழ்ப்பாணக் கொமாந்தராக இருந்த சுவார்டகுரூன் 1697இல் தாம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாண ஆலோசனைச் சபைக்கு வழிகாட்டவென எழுதி வைத்த நினைவுக்குறிப்பு, நிலவரி, தலைவரி, ஊழியம், யானை வியாபாரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விவரிக்கின்றது. குடாநாட்டின் பொருளாதார அமைப்பைப் பகுத்து நோக்கிய மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம். ஆனால், அது இப்பிரதேசம் எவ்வளவு தரும் என்று கேட்டதேயன்றி, இப்பிரதேசத்துக்கு எது வேண்டும் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்பவன் யார் என்பதைப் பொறுத்தே அட்டவணையின் வடிவமும் அமைகின்றது. பின்வந்த காலங்களுக்கும் இது பொருந்தும்.

குடாநாட்டு விவசாயியின் சொந்த முயற்சியால் உருவாகி, நீண்டகாலம் நிலைத்த ஏற்றுமதிப் பொருள் புகையிலையாகும். மெல்லுதற்குரிய யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூரிலே பெருவிருப்பு இருந்தது. மலையாள நாட்டில் ‘யாப்பாணம் புகையிலை’ என்ற பெயர் இன்றுவரை மறைந்துவிடவில்லை. இப்பயிரைச் செய்வதற்கு வேண்டிய உழைப்பு அளப்பரியது. ஆடுகளைப் பட்டிகட்டி நிலத்தை உரமாக்குதல், பழைய வேலி ஓலைகளையும் குழைகளையும் மண்ணுட் புதைத்தல், கன்றுகளை நட்டு ஒவ்வொன்றுக்கும் நீர் வார்த்தல், முனை முறித்தல், இலை உணர்த்திப் பாடம்போடுதல் என மாதக்கணக்காக வேலை நீளும். நீர்ப்பாசனம் துலாவினால் நடைபெற்றது. ஆடுகாலிற் பொருத்திய துலாவின் மேல் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் நிற்பவர் பட்டையைக் கவிழ்த்து வாய்க்காலில் நீரை விட, மற்றொருவர் பாத்தி மாறுவார். விடியற்புறத்தில் தொடங்கும் இவ்விறைப்பு மனித வலுவினால் நடந்தமையால், ஒரு நாளில் இறைக்கக்கூடிய நீருக்கு ஓர் எல்லை இருந்தது. அவ்வெல்லையே நன்னீர் வில்லையைக் காத்தது எனலாம். துலா மிதித்தவரும் தோட்டம் கொத்தியவரும் பெரும்பாலும் நிலமற்ற, சாதியமைப்பிற் கீழ்நிலையில் வைக்கப்பட்ட மக்கள் என்பதையும் மறத்தல் கூடாது. யாழ்ப்பாணத்தவரின் ‘அயராத உழைப்பு’ என்று புகழப்படுவதன் பெரும்பங்கு, நிலவுரிமை பெறாதோரின் உழைப்பாகும். தொழில்வாரி அட்டவணை இவர்களையும் ‘விவசாயம்’ என்ற ஒரே நிரலில் நிலவுடைமையாளரோடு சேர்த்து எழுதிவிடும்.

திருவிதாங்கூரிலே புகையிலை அரச ஏகபோகமாக இருந்தது. ஆதலால் யாழ்ப்பாணப் புகையிலையின் விலை, விளைச்சலைக் காட்டிலும் அவ்வரசின் கொள்வனவையே சார்ந்திருந்தது. 1860களில், திவான் மாதவராவ் காலத்தில், ஏகபோகம் நீக்கப்பட்டு அதன் இடத்திற் தீர்வை விதிக்கப்பட்டது. அதன்பின் கொள்வோர் பலராயினும், தீர்வை ஏறும்போதெல்லாம் யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள் ஆட்டங்கண்டன. இச்சந்தையில் விவசாயிகளின் பேரம்பேசும் ஆற்றலை உயர்த்தும் நோக்குடன் 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவானது. குடாநாட்டுக் கூட்டுறவு இயக்கத்தின் மதிக்கத்தக்க சாதனைகளுள் அது ஒன்றாகும். ஆயினும், கடலுக்கு அப்பாலிருந்த தீர்வையை மாற்றும் ஆற்றல் எந்தச் சங்கத்துக்கும் இருக்கவில்லை. மற்றொரு கிளையான சுருட்டுக் கைத்தொழில் தென்னிலங்கைச் சந்தையை நோக்கி வளர்ந்தது. கொக்குவில், கோண்டாவில் முதலிய ஊர்களின் சுருட்டுக் கொட்டில்களிற் பலர் வேலை பெற்றனர். தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்கும் வழக்கம் அக்கொட்டில்களை ஊரின் அரசியற் பள்ளிகளாக்கியது என்பது பொருளாதாரக் கணக்கிற் சேராத ஒரு வரவு. தென்னிலங்கைப் பட்டினங்களிலே கடை வைத்திருந்த தீவகத்தாரும் காரைநகராரும் இச்சந்தையின் கிளைகளாக விளங்கினர். 1958ஆம் ஆண்டுக் கலவரமும் அதன் பின் நிகழ்ந்தவையும் அக்கடைகளை அடுத்தடுத்துத் தாக்கின.

இரண்டாவது பெரிய வழி உத்தியோகம். 1816 முதல் இங்கு பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமாரும் ஏனைய சபையினரும் நிறுவிய பாடசாலைகள், 1823இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி, பின்னர் அவற்றோடு போட்டியிட்டு எழுந்த சைவப் பாடசாலைகள் ஆகியன ஆங்கிலம் கற்ற இளைஞரைக் குடாநாட்டின் தேவைக்கு மிஞ்சி உருவாக்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியர் மலாயாவிற் புகையிரதப் பாதைகளும் நில அளவைக் கந்தோர்களும் திறைசேரிகளும் அமைத்தபோது, இலிகிதராகவும் நிலைய அதிபராகவும் பணிபுரிய இவ்விளைஞரே சென்றனர். 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்தபின் இலங்கை அரசாங்க சேவைக்குச் செல்வதும் எளிதாயிற்று. மாதந்தோறும் வந்த காசுக்கட்டளைகளும், ஓய்வு பெற்றுத் திரும்பியோரின் ஓய்வூதியமும் ஊர்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தின. ‘மணியோடர் பொருளாதாரம்’ என்ற பெயர் அவ்வாறே வழங்கலாயிற்று. ஏளனமாகச் சொல்லப்படும் இப்பெயர் ஓர் உண்மையைத் துல்லியமாகச் சுட்டுகின்றது. இங்கு ஏற்றுமதி செய்யப்பட்ட பொருள், படித்த இளைஞனே.

வந்த பணம் எங்கே சென்றது என்ற வினாவும் முக்கியமானது. கல்வீடு, கோயில் திருப்பணி, பிள்ளைகளின் படிப்பு, சீதனம் ஆகியவற்றிலேயே அதன் பெரும்பகுதி தங்கியது. 1707இல் ஒல்லாந்தராற் சட்டத்தொகுப்பாக்கப்பட்ட தேசவழமையின்படி சீதனம் பெண்ணுக்குரிய சொத்தாகும்; பெரும்பாலும் அது காணியாகவும் வீடாகவும் கொடுக்கப்பட்டது. இதனால் சேமிப்பு நிலத்தை நோக்கிப் பாய்ந்தது. நிலத்தின் விலை அதன் விளைச்சலோடு தொடர்பற்று உயர்ந்தது. காணி தலைமுறைதோறும் பங்கிடப்பட்டுப் பரப்புக் கணக்கிலே சுருங்கியது. ஒற்றியும் ஈடும் பெருகின. தொழில் முயற்சிகளில் முதலிடும் வழக்கம் வேரூன்றவில்லை என்பதற்காக யாழ்ப்பாணத்தவரின் மனப்பான்மையைக் குறைகூறுவது இலகு. ஆனால், பாதுகாப்பான உத்தியோகமும் பாதுகாப்பான காணியும் கண்முன் இருக்க, சந்தையின் திறவுகோல் பிறர் கையில் இருந்த ஒரு நாட்டில், அவ்வாறு முதலிட்டவர் இழந்த அனுபவமே அதிகம். வல்வெட்டித்துறையின் வரலாறு இதற்குச் சான்று. நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் பாய்க்கப்பல் விட்ட ஊர் அது. அங்கு கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்கக் கரையை அடைந்தது. சுதந்திரத்தின் பின் சுங்க, குடிவரவுக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, நேற்றுவரை வணிகமாக இருந்தது கள்ளக்கடத்தல் என்னும் பெயரைப் பெற்றது. கடலும் கப்பலும் மாறவில்லை. சட்டம் மட்டுமே மாறியது.

உத்தியோக வழியும் அவ்வாறே குறுகியது. 1942இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது காசுக்கட்டளைகள் ஒரே அடியாக நின்றன. அதே காலத்தில் பர்மிய அரிசியும் நின்றமையால், குடாநாடு தன் இரு பலவீனங்களையும் ஒருசேர உணர்ந்தது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும், 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலும் இலங்கை அரசாங்க சேவையை நோக்கிய பாதையை ஒடுக்கின. இவற்றின் அரசியல் விளைவுகள் பலராலும் எழுதப்பட்டுள்ளன. அவை ஒரு பிரதேசத்தின் முதன்மை ஏற்றுமதியைத் தடைசெய்த பொருளாதார நடவடிக்கைகளும் ஆகும் என்பது போதிய அளவு வலியுறுத்தப்படவில்லை.

சுதந்திர இலங்கையில் வடபகுதிக்கெனத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட கைத்தொழில்கள் சிலவே. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும், குடாநாட்டுக்குத் தெற்கே பரந்தனில் 1950களில் அமைந்த இரசாயனத் தொழிற்சாலையும் அவற்றுள் முதன்மையானவை. இரண்டையும் ஒப்பிட்டு நோக்கின் ஒரு வேறுபாடு புலனாகும். காங்கேசன்துறையில் உள்ளூரிற் கிடைத்தது சுண்ணக்கல். களிமண் முருங்கனிலிருந்து வந்தது. அரைப்பதற்கு முந்திய நிலையிலுள்ள சீமெந்துக் கட்டிகள் காலியிலுள்ள ஆலைக்கும் அனுப்பப்பட்டன. தொழிற்சாலை பலருக்குச் சம்பளம் கொடுத்தது. ஆனால் குடாநாட்டின் மீண்டும் பெறமுடியாத கல்லை அகழ்ந்து கொடுத்தது. பரந்தனோ ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் உற்பத்தி செய்தது. கடல்நீரிலிருந்து உப்பு, உப்பிலிருந்து இரசாயனம், அதிலிருந்து சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் நாட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கும் வேண்டிய பொருள்கள் என ஒன்றையொன்று தொடரும் இணைப்பு அதிலிருந்தது. வற்றாத மூலப்பொருளைக் கொண்ட இவ்வமைப்பே இப்பிரதேசத்துக்கு ஏற்ற மாதிரி என்று துணிந்து கூறலாம். போர்க்காலத்தில் இரண்டும் மூடப்பட்டன.

1970 முதல் 1977 வரையான காலம் குடாநாட்டு விவசாய வரலாற்றிற் தனித்து நிற்கின்றது. அந்நியச் செலாவணி நெருக்கடியை எதிர்நோக்கிய அக்கால அரசாங்கம், செத்தல் மிளகாய், வெங்காயம் முதலிய உபஉணவுப் பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. நாட்டின் சமையற்கட்டுக்கு வேண்டிய மிளகாயும் வெங்காயமும் உள்நாட்டிலேயே விளையவேண்டியதாயிற்று. செம்மண்ணும் கிணறும் தோட்டச் செய்கையிற் கைதேர்ந்த விவசாயிகளும் ஏற்கெனவே இருந்த குடாநாடு இவ்வாய்ப்பை உடனடியாகப் பற்றிக்கொண்டது. துலாக்கள் மறைந்து மண்ணெண்ணெய் நீர்ப்பம்பிகளின் ஒலி தோட்டங்களெங்கும் கேட்டது. உழவு இயந்திரங்கள் வந்தன. மூட்டை ஏற்றிய லொறிகள் இரவோடிரவாகக் கொழும்புக்கு ஓடின. உத்தியோகம் கிடைக்காத படித்த இளைஞர் பலர் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய குடியேற்றத் திட்டங்களுக்குச் சென்று மிளகாய் செய்தனர். கந்தோர்க் கதிரையையே வாழ்வின் இலட்சியமாகக் கொண்ட ஒரு சமுதாயம், மண்வெட்டியைக் கௌரவமாக எண்ணிய குறுகிய காலம் அது. தோட்டக்காரனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய குடும்பங்களும் அக்காலத்திற் தயக்கம் விட்டன என்று முதியோர் இன்றும் கூறுவர்.

இவ்வெழுச்சியை அக்காலத்தவரிற் பலர் மண்ணின் வளத்துக்கும் மக்களின் உழைப்புக்கும் சான்றாகக் கண்டனர். அவ்விரண்டும் அதற்கு முன்னரும் இருந்தன, பின்னரும் இருந்தன. புதிதாக வந்தது வர்த்தமானி அறிவித்தல் ஒன்றே. 1977 யூலைத் தேர்தலின் பின் பதவியேற்ற அரசாங்கம், அதே ஆண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தின் மூலம் இறக்குமதியைத் தாராளமாக்கியது. மலிவான மிளகாயும் வெங்காயமும் துறைமுகத்தில் வந்திறங்க, குடாநாட்டுத் தோட்டங்களின் வருமானம் சரிந்தது. பம்பிகளுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் பட்ட கடன் நிலைத்தது. இதிற் தாராளமாக்கலை மட்டும் குற்றம் சாட்டுதல் போதாது. ஏழு ஆண்டுகள் கிடைத்த நல்ல விலையின் ஒரு பகுதியைக் கொண்டு களஞ்சிய வசதி, பதனிடும் ஆலைகள், நல்ல விதை, சிக்கனமான நீர்ப்பாசனம் ஆகியவற்றை ஏற்படுத்தியிருந்தால், விலை வீழ்ந்தபோது ஒரு பகுதியேனும் தாக்குப்பிடித்திருக்கும். அதைச் செய்யும் அதிகாரமும் நிதியும் கொண்ட பிரதேச அமைப்பு அன்று இருக்கவில்லை. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை இத்தகைய நோக்குடைய ஒரு முயற்சி எனலாம். அதுவும் கடன்பட்ட தோட்டக்காரனுக்கு உடனடியாக உதவக்கூடியதன்று.

பின்வந்த மூன்று தசாப்தப் போர் குடாநாட்டுப் பொருளாதாரத்தின் கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெறிந்தது. மயிலிட்டி போன்ற பெருந் துறைகளைக் கொண்டிருந்த கடற்றொழில் தடைகளாற் சிதைந்தது. வலிகாமம் வடக்கின் மிகச் சிறந்த செம்மண் நிலங்கள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமை ஒரு மாபெரும் அநீதி. அதனோடு தையல், இரும்பு வியாபாரம், ஊர்தோறும் சென்று வாங்கி விற்றல் எனப் பல தொழில்களின் வலைப்பின்னலும் அறுந்தது. 1995இல் வலிகாம மக்கள் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்தனர். 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அப்போது கிளிநொச்சியையும் உள்ளடக்கியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம். கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2012இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர்.

2009இற்குப் பின் பாதைகள் திருத்தப்பட்டன. 2014இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வீதிதோறும் கிளை திறந்தன. மாகாண வாரியான கணக்குகளில், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வடமாகாணத்தின் பங்கு அண்மைய ஆண்டுகளில் 4 முதல் 5 வீதம் வரையே காணப்படுகின்றது. அதனுள்ளும் அரைவாசிக்கு மேல் சேவைத்துறை. இவ்வட்டவணையை வாசிப்போர் குடாநாடு விவசாயத்திலிருந்து நவீன சேவைகளுக்கு முன்னேறுகின்றது என்று கருதிவிடக்கூடும். உண்மை வேறு. வெளிநாடுகளிலிருந்து உறவினர் அனுப்பும் பணம் உற்பத்திக் கணக்கிற் சேர்வதில்லை, அது உற்பத்தியன்று. ஆனால் அப்பணம் செலவிடப்படும் புடைவைக் கடையும் கட்டட வேலையும் திருமண மண்டபமும் வாகன விற்பனையும் அக்கணக்கிற் சேர்கின்றன. ஊற்று மறைந்து நிற்க, ஓடும் நீர் மட்டும் அளக்கப்படுகின்றது. முன்பு மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளை இன்று ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வருகின்றது என்பதே வேறுபாடு. மற்றொன்றும் உண்டு. மலாயா சென்றவர் ஓய்வு பெற்றுத் திரும்பினார். இன்று சென்றவர் திரும்புவதில்லை. அவர் பிள்ளைகள் பெரியம்மாவின் வீட்டுக் கூரைக்குப் பணம் அனுப்புவரா என்பது எந்தத் திட்டத்திலும் கேட்கப்படாத கேள்வி.

தோட்டக்காரனின் நிலையும் அதிகம் மாறிவிடவில்லை. இறக்குமதி செய்யப்படும் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் விதிக்கப்படும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு கொழும்பிலே தீர்மானிக்கப்படுகின்றது. குடாநாட்டில் அறுவடை நடக்கும் வாரத்தில் அது குறைக்கப்பட்டால் விளைச்சல் எவ்வளவு சிறந்ததாயினும் நட்டமே. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதும், சில மாதங்களின் பின் அத்தடை நீக்கப்பட்டதும் இதே பாடத்தின் மற்றொரு பக்கம். கடற்றொழிலாளர் எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகளால் வலைகளையும் மீன்வளத்தையும் இழக்கின்றனர். இழுவைமடி முறையை இலங்கை 2017இல் சட்டத்தாற் தடைசெய்தது. நடைமுறை வேறாக உள்ளது. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படுமென 2025இல் அரசாங்கம் அறிவித்துள்ளது. இவற்றுள் இரண்டு, பழைய தொழிற்சாலைகள் இருந்த இடங்களே. அங்கு வரும் முயற்சிகள் காங்கேசன்துறைச் சீமெந்தின் வழியைப் பின்பற்றுமா, பரந்தன் உப்பின் வழியைப் பின்பற்றுமா என்பதே அவற்றை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல். எத்தனை பேருக்கு வேலை என்ற எண்ணிக்கை அதற்கு அடுத்தபடியாகவே வரவேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் நீர் இருக்கின்றது. எந்த அட்டவணையிலும் அதற்கு நிரல் இல்லை. துலா போய்ப் பம்பி வந்தபோது மனித வலுவின் எல்லை அகன்றது. கூடவே பசளையும் கிருமிநாசினியும் பெருகின. செறிவாகத் தோட்டஞ் செய்யப்படும் வலிகாமத்திற் பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று, குடிநீருக்கு ஏற்ற அளவைத் தாண்டியுள்ளமையை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கரையோரக் கிணறுகள் உவராகின்றன. சுன்னாகப் பகுதியிற் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளில் மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கிடைத்த இலாபத்தைக் கணக்கிட்டோர், அதனோடு வெளியேறிய நீரின் விலையைக் கழித்ததில்லை. கழித்திருந்தால் அப்பொற்காலத்தின் இலாபம் சற்று மங்கியிருக்கும்.

இதனை முன்கூட்டியே எண்ணியவர் இல்லாமலில்லை. கடலேரிகளைத் தடுத்து நன்னீர் ஏரிகளாக்கி, ஆனையிறவுக் கடலேரியின் நீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுவரும் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தைப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1954இல் முன்வைத்தார். தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டப்பட்டது. வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. பின்னர் இரணைமடுக் குளத்தின் நீரைக் குழாய் மூலம் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் யோசனை எழுந்தபோது, கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். அவர்களின் சிறுபோகம் அந்நீரை நம்பியிருக்கின்றது. அவ்வெதிர்ப்பிற் பிழை காண்பதற்கில்லை. ஈற்றில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில் அமைக்கப்பட்டு 2024இற் திறக்கப்பட்டது. அது மின்சாரத்தால் இயங்குவது. அதன் நீர் குடிப்பதற்கேயன்றித் தோட்டத்துக்கு இறைப்பதற்கன்று. தோட்டங்கள் இன்றும் கிணற்றையே நம்பியிருக்கின்றன. முள்ளியான் வாய்க்காலில் வெட்டப்படாது எஞ்சிய பகுதி, எழுபது ஆண்டுகள் கடந்தும், அப்படியே கிடக்கின்றது.